ஏழு பேரும் பெட்டியும்: நெல்லைச் சீமையில் குடும்ப வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

வீட்டில் கார் வாங்கும் பேச்சு தொடங்கினால் முதலில் வருவது “எந்தக் கம்பெனி?” என்ற கேள்விதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஏழு பேர் ஏறி உட்கார்ந்த பிறகு பெட்டி எங்கே போகும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வண்டிகள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

ஐரோப்பாவில் இதற்கு விடையாக ஸ்டேஷன் வேகன் இருந்தது. சாதாரண காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, ஐந்து பேருக்கு இருக்கையும் பெரிய டிக்கியும் கொடுத்த வண்டி அது. நம் நாட்டிலும் முயன்று பார்த்தார்கள். 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. அப்புறம் ஓப்பல் கோர்சா ஸ்விங், மாருதி பலேனோ ஆல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, டாடா இண்டிகோ மரினா என்று வரிசையாக வந்து, எதுவும் நிலைக்கவில்லை. நம் ஆட்கள் சாமானுக்கு இடம் கேட்கவில்லை, ஆளுக்கு இடம் கேட்டார்கள். சாமான் மேலே கேரியரில் ஏறிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸ் அந்த இடத்தைப் பிடித்தது, 2005-ல் இன்னோவா அதை வாங்கிக்கொண்டது, 2012-ல் மாருதி எர்டிகா வந்த பிறகு நடுத்தரக் குடும்பமும் மூன்று வரிசை வண்டி பக்கம் திரும்பியது. ஆகவே இன்று இங்கே “குடும்ப வண்டி” என்றால் மூன்று வரிசை வண்டிதான். அதைப் பற்றியே பேசுவோம். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் தேவையா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் போன வருடக் கணக்கு

ஒரு தாளை எடுத்து, போன வருடம் குடும்பத்தோடு எங்கெல்லாம் போனீர்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை என்றால் இரண்டு மூன்று பேர். திருச்செந்தூர் என்றால் நான்கைந்து பேர். சீசனுக்குக் குற்றாலம், சொந்த ஊரில் கோவில் கொடை, கார்த்திகை மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலை, அப்புறம் கல்யாண வீடுகள்: இவற்றுக்கு ஏழு எட்டுப் பேர். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த நாட்களில் தனி வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் மேலே ஏற வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்ததும் ஆறு பேருக்கு மேல் போன நாட்களை மட்டும் எண்ணுங்கள். மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது, அல்லது தாத்தாவும் ஆச்சியும் உங்களோடுதான் இருக்கிறார்கள் என்றால் மூன்று வரிசை வண்டி சரி. வருடத்துக்கு நான்கைந்து நாள்தான் என்றால், டிக்கி பெரிதாக உள்ள ஐந்து பேர் காரை வாங்கிக்கொண்டு அந்த நான்கைந்து நாளுக்கு வாடகை வேன் பிடிப்பதே மலிவு. ஓட்டுகிறவருக்கும் அன்று ஓய்வு. ஹோண்டா சிட்டி போன்ற செடானின் டிக்கி 506 லிட்டர். எர்டிகாவில் மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர். சாமான்தான் உங்கள் தலைவலி என்றால் பெரிய வண்டி என்று நினைப்பதே உண்மையில் சிறிய வண்டியாக இருக்கிறது.

மதினி வீட்டார், சித்தப்பா வீட்டார் எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குவதும் நடக்கிறது. அவர்களும் கார் வாங்கிவிட்ட பிறகு மூன்றாம் வரிசை மடங்கியேதான் கிடக்கும்.

ஆளும் சாமானும்

மூன்று வரிசையிலும் ஆள் இருக்கும்போது டிக்கியில் மிஞ்சும் இடம் இப்படி: ரெனோ டிரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209, கியா கேரன்ஸில் 216, இன்னோவா கிரிஸ்டாவிலும் ஹைகிராஸிலும் 300. நடுத்தர அளவுச் சூட்கேஸ் ஒன்று ஏறக்குறைய 65, 70 லிட்டர் பிடிக்கும். 84 லிட்டர் என்றால் ஒரு பெட்டி நிற்கும், கூடவே செருப்புப் பை. 209 லிட்டரில் கணக்குப்படி மூன்று பெட்டி. நிஜத்தில் இரண்டு பெட்டியும் ஒரு துணிப்பையும், ஏனென்றால் அந்த இடம் உயரமாக இருக்கும், ஆழம் இருக்காது.

போகும்போதாவது பெட்டி மட்டும். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், கருப்பட்டி, களக்காட்டுப் பக்கம் என்றால் ஒரு வாழைத்தார், ஆச்சி கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா என்று வந்து நிற்கும். ஷோரூமில் டிக்கியைத் திறந்து “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். வீட்டிலுள்ள இரண்டு பெட்டிகளைக் கூடவே கொண்டுபோய், மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உள்ளே வையுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இதில் ஒரு நடுவழி இருக்கிறது. எர்டிகாவிலும் கேரன்ஸிலும் மூன்றாம் வரிசை பாதிப் பாதியாக மடங்கும். ஒரு பாதியை மடக்கினால் ஆறு பேர், கூடவே நீளமான சாமான். டிரைபரில் மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம்; கழற்றினால் டிக்கி 625 லிட்டர் ஆகிவிடும். தினசரி நான்கு பேரும் எப்போதாவது ஏழு பேரும் போகும் வீட்டுக்கு, அதுவும் ஏழு பேரும் பெட்டியில்லாமல் குற்றாலத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்றால், டிரைபர் கெட்டிக்கார ஏற்பாடுதான்.

எடையையும் மறக்கக் கூடாது. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஏழு பேர் 455 கிலோ. வண்டியோடு வரும் கையேட்டில் காலி எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, 455-ஐயும் கழித்துப் பாருங்கள். மீதி வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்ற சாமான். ஏழு பேரோடு இரண்டு அரிசி மூட்டையும் மேலே கேரியரில் நான்கு பெட்டியும் ஏற்றும் வீடுகள், சிறிய வண்டிகளில் அந்த எல்லையைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தெருவை அளந்து பாருங்கள்

டிரைபரும் எர்டிகாவும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்று, 1.74 மீட்டர். கேரன்ஸ் 1.80, கிரிஸ்டா 1.83, ஹைகிராஸ் 1.85. பக்கக் கண்ணாடிகளுக்கு இருபுறமும் ஒவ்வொரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லை டவுனில் ரதவீதியை விட்டு உள்ளே திரும்பும் சந்துகளிலும், மேலப்பாளையத்துத் தெருக்களிலும், வாசலில் பைக் நிற்கும் எந்தத் தெருவிலும் இந்தப் பத்து சென்டிமீட்டர்தான் வண்டி வீடு வந்து சேருமா, முக்கில் நிற்குமா என்று தீர்மானிக்கும். நீளமும் அப்படித்தான். டிரைபர் 4 மீட்டருக்குள் முடிகிறது, கிரிஸ்டா 4.7 மீட்டருக்கு மேல் போகிறது. வீட்டு கேட்டைச் சாத்த முடியுமா என்று டேப் வைத்துப் பாருங்கள். வாசல் சரிவு செங்குத்தாக இருந்தால் நீள வண்டியின் வயிறோ பின்பம்பரோ உரசும்.

பெட்ரோல், டீசல், சிஎன்ஜி

முன்பெல்லாம் குடும்ப வண்டி என்றால் யோசிக்காமல் டீசல். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. மாருதி டீசலையே விட்டுவிட்டது. மற்றவர்களின் டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன், ஜங்ஷனிலிருந்து வண்ணாரப்பேட்டை என்று மூன்று நான்கு கிலோமீட்டராக ஓட்டினால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் நான்குவழிச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு மட்டும் டீசல் என்பது என் கட்சி.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் அதைத் தாங்கும் பொருட்களால் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்கினால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

சிஎன்ஜி, அதாவது சிலிண்டரில் அடைத்த இயற்கை எரிவாயு, செலவில் மலிவு, சந்தேகமே இல்லை. ஆனால் எர்டிகா சிஎன்ஜியில் சிலிண்டர் உட்காருவது மூன்றாம் வரிசைக்குப் பின்னால், அதாவது பெட்டி வைக்க வேண்டிய இடத்தில். ஏழு பேரும் பெட்டியும் என்ற நம் கேள்விக்கு அது நேர் எதிரி. அது போக, உங்கள் வழக்கமான வழியில் எங்கெங்கே சிஎன்ஜி பங்க் இருக்கிறது, மாலை நேரத்தில் வரிசை எவ்வளவு என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த வண்டி யாருக்கு

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துப் பெரும்பாலான குடும்பங்களுக்கு எர்டிகா பெட்ரோல் போதும். 1.5 லிட்டர் எஞ்சின், 103 குதிரைத்திறன், கையால் போடும் கியர். பார்க்க அலங்காரம் இல்லை, ஓட்டக் குதூகலமும் இல்லை. ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்த்த எஞ்சின், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிப் பாகம். டொயோட்டா ரூமியான் என்ற பெயரில் விற்பதும் இதே வண்டிதான். டெலிவரி சீக்கிரம் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

இதன் பலவீனம் பாதுகாப்பு மதிப்பெண். 2019-ல் வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகா மூன்று நட்சத்திரம் வாங்கியது. 2021-ல் டிரைபர் நான்கு வாங்கியது. இரண்டும் பழைய விதிப்படி நடந்த சோதனைகள். 2022-க்குப் பிறகு விதி கடுமையாகிவிட்டது, எனவே பழைய நட்சத்திரத்தையும் புதிய நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. 2025-லிருந்து இரண்டு வண்டிகளிலும் அடிப்படை மாடலிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது. பாதுகாப்பே முதன்மை, பணமும் இருக்கிறது என்றால், நம் நாட்டின் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஹைகிராஸைப் பாருங்கள்.

கேரன்ஸ் 2022-ல் வந்தபோதே ஆறு ஏர்பேக்கோடு வந்தது. இரண்டாம் வரிசை மடங்கி வழி விடுவது சுலபம், டீசலும் உண்டு. டிரைபரைப் பற்றி மேலே சொன்னேன். 1 லிட்டர், 72 குதிரைத்திறன் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஏழு பேர், ஏசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம் என்று மூன்றும் சேர்ந்தால் மூச்சு வாங்கும்.

கிரிஸ்டா தனி ரகம். சேஸிஸ் என்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டி, பின் சக்கரம் இழுக்கும், டீசல், 150 குதிரைத்திறன். ஆளும் சாமானும் நிறைந்தால் பாரம் பின்னால் விழும். பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு அது பிடிமானத்தைக் கூட்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கோ முன்பக்கம் லேசாகி, ஈரமான மலை ஏற்றத்தில் சக்கரம் வழுக்கப் பார்க்கும். மாஞ்சோலைப் பாதை போன்ற இடங்களில் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் கிரிஸ்டாவின் தரை உயரம். முழங்கால் வலி உள்ள ஆச்சி ஏறுவதற்கு ஒரு கை வேண்டும். விலையோ எர்டிகாவைப் போல் இரு மடங்கு.

பொலிரோ கிராமத்து மண் சாலைக்கும் தோட்டத்துக்கும் நல்ல உழைப்பாளி. குடும்ப வண்டியாக அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பின்னால் உட்கார்ந்து நாகர்கோவில் வரை போய் வந்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சாத்தான்குளம், உடன்குடி பக்கம் தேரி மணலில் இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: மேலே சொன்ன எதையும் இறக்காதீர்கள். டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஆச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்கு நேரம் கேளுங்கள். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் ஒரு மணி நேரம் நின்ற வண்டி, கடைசி வரிசையில் குளிர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. இரண்டாம் வரிசையின் கூரையில் மட்டும் காற்றுத் துளை உள்ள வண்டிகளில், மூன்றாம் வரிசைக்கு அங்கிருந்துதான் காற்று போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் உயரமானவரை மூன்றாம் வரிசையில் உட்கார வையுங்கள். முழங்கால் நெஞ்சுக்கு வருகிறதா, தலை இடிக்கிறதா, கண்ணாடி வழியாக வெளியே தெரிகிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் “பரவாயில்லை” என்பார். அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டால் வேறு பதில் வரும். பிள்ளை இருக்கை பொருத்துவதாக இருந்தால் அதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டாம் வரிசையில்தான் இருக்கும். குழந்தைகளைக் கடைசி வரிசையில் தள்ளிவிடும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கதவுக்கும் தலைக்கும் நடுவே அங்கே இடம் மிகக் குறைவு.

வழியையும் நீங்களே சொல்லுங்கள். ஷோரூம்காரர்கள் நேரான பைபாஸில் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில், நெரிசலில், முழு ஆளோடு நிறுத்தி எடுத்துப் பாருங்கள். வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிறதா, இடது கால் சலிக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ஊர்ப்பக்கத்து உயர வேகத்தடை ஒன்றிலும் முழு ஆளோடு ஏற்றி இறக்குங்கள். தரை இடைவெளி 180 மில்லிமீட்டர் என்று தாளில் இருப்பது காலி வண்டிக்கு. ஏழு பேர் ஏறினால் பின்பக்கம் இறங்கிவிடும்.

பழைய வண்டி என்றால்

புது எர்டிகாவுக்குக் காத்திருக்கிற நேரத்தில், மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய வண்டி பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே கண்ணில் படும். நல்லதாக அமைந்தால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இந்தப் பகுதியில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய சங்கதிகள் கொஞ்சம் அதிகம்.

முதலாவது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஊர்கள் மூழ்கின. அப்போது தண்ணீரில் கிடந்த வண்டிகள் துடைக்கப்பட்டு, சென்ட் அடிக்கப்பட்டு மறுபடி கை மாறியிருக்கலாம். மழைக்குப் பிறகு சில மாதங்களுக்குள் கை மாறிய வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண் கறை கோடாகத் தெரியும், அதை யாரும் கழுவுவதில்லை. இருக்கைக்கு அடியில் தண்டவாளத்திலும் திருகுகளிலும் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா, முன்விளக்குக்குள் ஈரம் பூத்தது போல் மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். மின் கம்பிகளுக்குள் போன ஈரம் ஒரு வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

இரண்டாவது உப்புக்காற்று. உவரி, கூடங்குளம், மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் ஓடிய வண்டியை மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். லிப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சைலன்சர் குழாய், சஸ்பென்ஷன் கைகள், கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றில் துரு செதில் செதிலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது டி போர்டு. மூன்று வரிசை வண்டிகளில் நிறைய வாடகைக்கு ஓடியவை. மஞ்சள் பலகையை மாற்றி ஓன் போர்டாக்கி விற்பது சட்டப்படி சரிதான், தவறு இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டரோ எழுபதாயிரம் காட்டும். “ஒரே ஓனர் அண்ணாச்சி, டாக்டர் ஓட்டுன வண்டி” என்று புரோக்கர் சொல்வார். நெல்லையில் எல்லாப் பழைய வண்டியையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் போல. ஸ்டியரிங்கின் தேய்மானம், பிரேக் பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் மூன்றையும் பார்த்தால் மீட்டர் உண்மையா என்று தெரிந்துவிடும். வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தால், கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்று பல இடங்களில் சொல்வார்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றையும் உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கம்பெனி இன்னும் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். செவர்லே 2017 முடிவோடு விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, டாட்சன் 2022-ல் போயிற்று. செவர்லே டவேரா, என்ஜாய், டாட்சன் கோ பிளஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். உதிரிப் பாகத்துக்கு அலையத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தினமும் பள்ளிக்கூடம் போகிற வண்டியாக அது சரிப்படாது.

வெளி மாநில வண்டி, குறிப்பாக டில்லிப் பதிவு டீசல், விலையில் ஆசை காட்டும். அங்கே பத்து வருடத்துக்கு மேலான டீசலுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். அந்த ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி என்று சேர்த்தால் மிச்சம் கரைந்துவிடும். டிஎன் 72, டிஎன் 76, டிஎன் 69 என்று நம் பக்கத்துப் பதிவாக இருந்தால் அலைச்சலும் குறைவு, பழைய உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசவும் முடியும்.

கடைசியாக, உங்கள் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்கிறவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். ஒரு நாள் கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை. குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால், மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

காகிதமும் வரியும்

புது வண்டிக்கு ஷோரூம் விலை மட்டும் பார்த்து மனதில் கணக்குப் போடாதீர்கள். 2023 நவம்பரில் மாற்றியமைத்த தமிழ்நாட்டு ஆயுள் வரிப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 9.95 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.05 லட்ச வண்டிக்கு சுமார் 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் கூடுதல் விலையுள்ள மாடல் ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதல் வரியை இழுத்து வந்துவிடும். பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் மாடலில் அலாய் வீலுக்கு ஆசைப்படும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் போனால் விற்கும்போதே ஒரு சதவீதம் வருமான வரி, டிசிஎஸ் என்பார்கள், பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய வண்டிக்கு 40. டிரைபர் முதல் வகை, எர்டிகாவும் கேரன்ஸும் இரண்டாம் வகை. டிரைபரின் விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்சூரன்ஸில், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் எல்லோரும் போடுகிறார்கள். நம் பக்கத்துக்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால், சாதாரண பாலிசியில் பணம் வருவது கடினம்.

பழைய வண்டிக்கு: ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்டிஓ எல்லைக்குக் கொண்டுபோனால் படிவம் 28. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பார்த்து, அதை விற்பவரே கட்டச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

முன்னால் இரும்புக் கம்பி கட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள், ஏர்பேக் வேலை செய்வதையும் அது குழப்பும். சீட் கவர் தைக்கக் கொடுக்கும்போது, இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள மாடலா என்று கேட்டு அதற்கேற்ற உறையாகப் போடச் சொல்லுங்கள்.

மேலே கேரியர் வேண்டியே தீரும் என்றால் கனமானதைக் கீழே டிக்கியிலும், துணி மூட்டை போன்ற லேசானதை மேலேயும் வையுங்கள். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் என்று ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்று, காற்றாலைக்காரர்களுக்கு வரம். உயரமான வண்டிக்கு அது வேறு சங்கதி. லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். மேலே பாரம் இருந்தால் இன்னும் அதிகம். அந்த இடத்தில் வேகத்தை 80-க்குக் கீழே வைத்து, இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் டயர் காற்றழுத்தம் இரண்டு விதமாக இருக்கும்: குறைந்த ஆளுக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. ஏழு பேரோடு கன்னியாகுமரி கிளம்பும் காலையில் இரண்டாவது எண்ணைச் சொல்லிக் காற்றுப் பிடியுங்கள். பங்க் பையன் வழக்கம்போல் எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் வைப்பான்.